துப்பாக்கி லைட்டும் வெள்ளக்கண்ணு டார்ச்சும்

பேரு அஜய். வயசு இருபத்தொண்ணு. சொந்த ஊரு கடலூரு முதுநகரத் தாண்டி, ஆத்து மொகத்தொரத்த ஒட்டின ஒரு குப்பம். இப்ப இருக்கறது செதம்பரத்துல, ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால இருக்கற தகரக் கொட்டாயில. தானே புயல் அடிச்சி இன்னும் ஒரு மாசம்கூட ஆவல. பொங்கலே இருட்டுலதான் போச்சி.

கடல்ல பொழங்கின புள்ள கரண்டு கம்பத்தடியில வந்து நின்னதுக்கு அந்தப் புயலுதான் காரணம். அவன் அப்பா ராஜமாணிக்கத்தோட பைபர் படகக் காத்து உருட்டிக்கிட்டே போயி ஐஸ் பேக்டரி செவுத்துல அடிச்சி ரெண்டா பொளந்து போட்டுச்சி. இஞ்சினு மண்ணுக்குள்ள. வீட்ல எல்லாரும் தலையில கைய வெச்சி ஒக்காந்திருந்தப்ப, "நீ எங்கூட வந்துடு மச்சான்"னு கூப்ட்டவரு மணவாளன். அஜய்யோட அக்கா மகேஸ்வரிய கட்டினவரு. அவரும் அதே குப்பந்தான். சுனாமிக்கப்புறம் கடலப் பாத்தாலே கையி ஆடுதுன்னு வலையத் தூக்கிப் போட்டுட்டு, லைன் இழுக்கற காண்ட்ராக்ட் கேங்குல சேந்து கம்பம் ஏறப் போயிட்டாரு. புயலு முடிஞ்சதும் ஊர் ஊரா கம்பம் சாஞ்சி கெடக்கு, ஆளு பத்தல. புது ஆளு யாரா இருந்தாலும் சேத்துக்கிட்டாங்க.

கெளம்பற அன்னிக்கு மகேஸ்வரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. புருசன் டீ குடிக்கப் போன நேரமா பாத்து தம்பி கையப் புடிச்சிக்கிட்டா.

"வேலையக் கத்துக்கறியோ இல்லியோ, அவுரு கூடவே இருடா. கடலுன்னா நீந்தியாச்சும் வருவாரு. கரண்டுல இன்னாத்த நீந்தறது? நான் அவுர நம்பல, உன்னத்தான் நம்பறேன்."

"செரிக்கா."

அவ்ளோதான் சொன்னான். ஆனா அந்த 'செரிக்கா' அவன் கழுத்துல ஏறி ஒக்காந்துக்கிச்சி. பஸ்ஸு ஆலப்பாக்கம் தாண்றதுக்குள்ள மாமா கம்பம் ஏறறப்ப கட்டற இடுப்பு பெல்ட்ட ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்துட்டான். "இன்னாடா, பஸ்ஸுலேந்தா வுழப்போறேன்?"னு மணவாளன் சிரிச்சாரு.

அஜய்க்கு சின்னதுலேந்தே அப்பிடி ஒரு பழக்கம். படகக் கட்டிட்டு வீட்டுக்கு வந்தா, சோத்துல கைய வெக்கறதுக்கு முன்னாடி திரும்பப் போயி முடிச்ச பாத்துட்டு வருவான். ஸ்டவ்வ அணைச்சமா, கதவத் தாப்பா போட்டமான்னு ஒவ்வொண்ணையும் ரெண்டு தபா பாக்கணும். கேங்குக்கு வந்த ரெண்டாம் நாளே பசங்க அவனுக்கு 'மறுக்கா'ன்னு பேரு வெச்சிட்டாங்க.

கேங்குக்கு மேஸ்திரி கண்ணாயிரம், கம்மாபுரத்துக்காரரு. அவுருக்கு சொத்துன்னா அது ஒரு லைட்டு. துப்பாக்கி மாதிரி கைப்புடி, வெரலு வெக்கற எடத்துல குதிர, முன்னால சோத்துத் தட்டு அகலத்துக்கு கண்ணாடி. உள்ள ஹாலஜன் பல்பு. தோள்ள மாட்டற பையில ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி, அதுலேந்து ஒயரு. குதிரைய அழுத்தினா மஞ்சளா ஒரு வெளிச்சம் போவும் பாருங்க, ஏரிக்கு அந்தாண்ட மேயற எருமையோட கொம்பு தெரியும். கம்பத்து உச்சியில கம்பியத் தாங்கற பீங்கான்ல மயிரு மாதிரி வெடிப்பு இருந்தாலும், அந்த மஞ்ச வெளிச்சத்துல நெழலு விழுந்து காட்டிக் குடுத்துடும். கேங்குல அதுக்கு 'துப்பாக்கி'ன்னுதான் பேரு.

ஆனா அது தின்னி. அர மணி நேரம் அடிச்சா பேட்டரி நாக்கு தள்ளிடும். சூடுன்னா அப்பிடி ஒரு சூடு. ஒரு நாளு கேங்குல இருக்கற சபாபதி தன் ஈர பனியன அது மேல போத்தி வெச்சி, நடுவுல தட்டு அளவுக்குக் கருக்கி எடுத்தான். அதுலேந்து, "மேஸ்திரி, ரவ மாவு ஊத்தி ஒரு தோச போட்டுக்கட்டுமா?"ன்னு கேக்கறதே அவன் வேல.

இந்த சபாபதி அஜய் வயசுப் பையன், செதம்பரத்துலயே பொறந்தவன். ஒரு நா சாயங்காலம் கீழ வீதியில ஒரு பிளாட்பாரக் கடையிலேந்து எல்இடி டார்ச் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். அலுமினிய ஒடம்பு, உள்ளங்கையில அடங்கிடும். பின்பக்கம் ரப்பர் பட்டன். அழுத்தினா பாலு மாதிரி வெள்ள வெளிச்சம், நேராப் பாத்தா கண்ணுக்குள்ள பச்சையும் செவப்புமா பொட்டு பொட்டா ஆடும்.

"மேஸ்திரி, உங்க துப்பாக்கிய மியூசியத்துக்குக் குடுத்துடுங்க. இது ஒரு தபா சார்ஜு ஏத்தினா ரா முழுக்க எரியும். தொட்டுப் பாருங்க, சூடே இல்ல. கன்னத்துல வெச்சிக்கிட்டு தூங்கலாம்."

"வெச்சிக்கிட்டுத் தூங்கு. கட்டிக்கப் பொண்ணு கெடைக்காதவனுக்கு அதுதான் லாயக்கு."

எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் கொட்டாய்க்கு வெளிய போயி ரெண்டையும் அடிச்சிப் பாத்தாங்க. கிட்டத்துல எல்இடிதான் கெலிச்சிச்சி. தரையில கெடந்த ஆணி, கம்பி, நண்டு வளை எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சிச்சி. மில்லு தாண்டி இருக்கற தண்ணித் தொட்டி மேல அடிச்சப்ப துப்பாக்கி தொட்டியோட விரிசலக் காட்டிச்சி, டார்ச்சு தொட்டிய வெள்ளையடிச்ச மாதிரி காட்டிச்சி. நடுவுல பனி எறங்கினதும் டார்ச்சு முன்னால வெள்ளத் துணி கட்டினாப்புல ஆயிடுச்சி. துப்பாக்கி மட்டும் மங்கலா, மஞ்சளா, போய்க்கிட்டே இருந்துச்சி.

"பாத்தியா? வயசானவன் வயசானவன்தான்" னாரு கண்ணாயிரம். சொல்லி முடிக்கறதுக்குள்ள பேட்டரி தீந்து துப்பாக்கி செவந்து செவந்து அணைஞ்சிடுச்சி. சபாபதி மண்ணுல உருண்டு சிரிச்சான்.

அஜய் மட்டும் அந்த அணையறத கவனிச்சிக்கிட்டிருந்தான். துப்பாக்கி பொசுக்குனு அணையாது. குதிரைய வுட்டதும் கம்பி செவந்து, ஒரு மூச்சு வுட்டு, அப்பறந்தான் சாவும். டார்ச்சு அப்பிடியில்ல. இருந்தா இருக்கும், இல்லன்னா இல்ல. மூச்சே கெடையாது.

அத அவன் கவனிச்சதுக்குக் காரணம் இருக்கு. அந்த லைட்டுதான் அவனுக்குப் பேச்சு.

கேங்குல அஜய்க்குக் குடுத்த வேல சுச்சிக் காவல். லைன்ல வேல நடக்கறப்ப, அந்த லைன் பிரியற எடத்துல ஒரு கம்பத்தடியில நீட்டமா ஒரு இரும்புக் கைப்புடி இருக்கும், அதான் சுச்சி. கீழ இழுத்து வெச்சா லைன்ல உசுரு இல்ல. மேல தூக்கினா கரண்டு பாயும். கீழ இழுத்து, பூட்டு போட்டு, சாவிய பாக்கெட்ல வெச்சிக்கிட்டு அங்கயே நிக்கணும். வேல முடிஞ்சா ஒரு ஆளு நேர்ல நடந்து வந்து, "எல்லாரும் எறங்கியாச்சி"ன்னு சொல்லணும். அதுதான் மொற. ஆனா வயக்காட்டுல, சாஞ்ச நெல்லு மேல, சேத்துல, அர மைலு நடக்கறதுக்கு கண்ணாயிரத்துக்கு சோம்பேறித்தனம். போன் அந்தப் பக்கம் கெடைக்காது, டவருக்கு டீசல் இல்ல. அதனால அவரா ஒண்ணு பழக்கி வெச்சிருந்தாரு. பொழுது சாஞ்சி கடைசி வேல நடக்கறப்ப துப்பாக்கி நெலையா எரிஞ்சா மேல ஆளு இருக்குன்னு அர்த்தம், தொடாதே. மூணு தபா வெட்டி வெட்டி அடிச்சா எல்லாரும் எறங்கியாச்சி, கைப்புடியத் தூக்கு. இது எந்த ஆபீசுலயும் எழுதினது இல்ல, யாரும் குடுத்த உத்தரவும் இல்ல. கேட்டா, "எத்தினி வருசமா பண்றேன் தெரியுமா"ம்பாரு.

இதுல அஜய்க்கு என்ன கொடச்சல்னா, மாமா எப்பவும் அந்த முனையில, அவன் எப்பவும் இந்த முனையில. அக்காகிட்ட சொன்ன 'கூடவே' எங்க இருக்கு? "மேஸ்திரி, நானும் அந்தாண்ட வரட்டுமா?"ன்னு கேட்டுப் பாத்தான். "கம்பம் ஏறத் தெரியாதவன் அந்தாண்ட வந்து இன்னா பண்ணுவ, விசில் அடிப்பியா? எதுலயும் சந்தேகப்படறவன்தான் சுச்சிக்கு சரியான ஆளு. நில்லு"ன்னுட்டாரு.

ஒரு நா வேல, புதுச்சத்திரத்துக்குக் கெழக்க, கடலப் பாத்தாப்புல இருக்கற ஒரு ஊரு. புயலுக்கப்புறம் அந்த ஊருக்கு கரண்டே போவல. போரு மோட்டாரு ஓடல, தண்ணிக்கு ஜனங்க பக்கத்து ஊருக்கு கொடத்தோட நடக்குது. காலையிலேந்து வேல மளமளன்னு நடந்துச்சி, பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்னு பேச்சு. துப்பாக்கியோட பேட்டரிதான் செத்துக் கெடந்துச்சி. முந்தின நாளு மில்லுல ஜெனரேட்டர் ஓடல. சபாபதி பேட்டரிய டிவிஎஸ் பிப்டியில வெச்சி செதம்பரத்துக்கு சார்ஜு போட எடுத்துட்டுப் போனான். போறப்ப தன் டார்ச்ச மேஸ்திரி கையில குடுத்தான்.

"இன்னிக்கு இத வெச்சி ஓட்டுங்க. பின்னால ஒரு அழுத்து, எரியும். அவ்ளோதான்."

கண்ணாயிரம் மொகத்த சுளிச்சாரு. ஆனாலும் வாங்கிக்கிட்டு, கடைசி கம்பத்துக்குப் போயி மத்தியானமே ஒரு வாட்டி அடிச்சிக் காட்டினாரு. இந்த முனையிலேந்து பாத்தா வெள்ளையா, குண்டூசித் தலையாட்டம் தெரிஞ்சிச்சி. அஜய் கையத் தூக்கி ஆட்டினான். தெரியுதா, தெரியுது. அவ்ளோதான் பாத்தாங்க. அது எப்பிடி எரியும்னு பாத்தாங்களே ஒழிய, எப்பிடி அணையும்னு யாரும் பாக்கல.

சூரியன் எறங்கிச்சி. நெல்லு மேலேந்து பனி பொகையா கெளம்பிச்சி. தூரத்துல வெள்ளப் பொட்டு நெலையா எரிஞ்சிச்சி. மேல ஆளு இருக்கு. அஜய் பூட்டத் தொட்டுப் பாத்தான், சாவியத் தொட்டுப் பாத்தான்.

இன்னிக்கு கரண்டு வந்துடும்னு ஊருக்குள்ள எவனோ சொல்லிட்டான் போல. ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து சுச்சிக் கம்பத்த சுத்தி நின்னுக்கிட்டாங்க. முன்னால நின்னது லோகநாயகி. நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும், ஊரு தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடற வேல அவுங்களுது. இடுப்புல காலிக் கொடம்.

"ஏம்பா, இன்னும் இன்னா பண்றாங்க?"

"மேல ஆளு இருக்குங்க. லைட்டு வரணும்."

"அதான் லைட்டு எரியுதே."

"இது இல்லீங்க. வேற மாதிரி வரணும்."

"வேற மாதிரின்னா? சினிமா தியேட்டர்ல வர்ற மாதிரியா?"ன்னான் லுங்கி கட்டின ஒரு ஆளு. கூட்டம் சிரிச்சிச்சி. அஜய்யும் சிரிச்சி வெச்சான்.

அப்பத்தான் அந்தப் பொட்டு மங்கிச்சி.

பாதி வெளிச்சமாச்சி. அடுத்த நொடி பொட பொட பொடன்னு வெட்ட ஆரம்பிச்சிச்சி. ஒண்ணு, ரெண்டு, மூணு... நிக்கல. எண்ண முடியாத வேகம். அப்பறம் பட்டுன்னு அணைஞ்சி போச்சி. பனியும் இருட்டும் மட்டும் மிச்சம்.

"அடிச்சிட்டாங்க, அடிச்சிட்டாங்க!"ன்னு கூட்டம் கத்திச்சி. "வெட்டி வெட்டி வந்துச்சே, போடுப்பா!"

அஜய் கையி தன்னால பூட்டுக்குப் போச்சி. சாவியப் போட்டான், திருப்பினான், பூட்டு தொறந்துச்சி. கைப்புடியப் புடிச்சான். இரும்பு பனியில சில்லுன்னு இருந்துச்சி.

தூக்கல.

மூணு வெட்டு வந்துச்சா? வந்துச்சி. மூணுக்கு மேலயும் வந்துச்சி. துப்பாக்கியில மேஸ்திரி வெட்றப்ப ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மூச்சு இருக்கும், வெளிச்சம் ஏறும், எறங்கும், ஒரு மனுசன் வெரலு தெரியும் அதுல. இதுல வெரலு தெரியல. இம்மாம் வேகமா எந்த மனுசனுக்கும் அழுத்த வராது. அப்போ அழுத்தினது யாரு? வெட்டுக்கு முன்னால ஏன் மங்கிச்சி? ஒருவேள எல்இடியில வெட்டுனா இப்பிடித்தான் வருமோ? அவன் பாத்ததில்லியே. மேஸ்திரி அந்தாண்ட நின்னு, 'இன்னாடா இவன், மறுக்கா மறுக்கான்னு இன்னும் போடாம இருக்கான்'னு திட்டிக்கிட்டிருக்காரோ?

தன் போன்ல இருக்கற சின்ன டார்ச்ச எரிய வுட்டு தலைக்கு மேல ஆட்டினான். அந்தப் பக்கத்துலேந்து ஒண்ணும் இல்ல.

"டேய் தம்பி, வெளையாடறியா? எத்தினி நாளா தண்ணி இல்லாம கெடக்கறோம் தெரியுமா?" லுங்கிக்காரன் கிட்ட வந்தான். "உனுக்குத் தெரிலன்னா தள்ளு, நான் தூக்கறேன்."

"வேணாங்ணா. தொடாதீங்க. மேல எங்க மாமா இருக்காரு."

"மாமா இருக்காரா, எறங்கிட்டாரா?"

"தெரிலியே!"

 அதுக்கப்புறம் என்ன யோசிச்சான்னு கேட்டா அவனால சொல்ல முடியாது. கைப்புடிய கீழ தட்டி, பூட்ட மாட்டி, சாவிய உருவி ஓட்டம் எடுத்தான்.

சாஞ்ச நெல்லு மேல ஓடறது கடல்ல ஓடற மாதிரி. காலு உள்ள போவும், வரப்பு எங்கன்னு தெரியாது. ஒரு செருப்பு சேத்துல நின்னுக்கிச்சி. கம்பம் கம்பமா எண்ணிக்கிட்டே ஓடினான், அப்பறம் எண்ணிக்கையும் வுட்டுப் போச்சி. மேல லைன் கம்பி ஓடுது, அவன் கீழ ஓடறான். அந்தக் கம்பியப் பாக்கவே பயமா இருந்துச்சி.

கடைசி கம்பத்தடியில கண்ணாயிரம் டார்ச்ச கையில வெச்சி உள்ளங்கையில தட்டிக்கிட்டிருந்தாரு. வானத்துல மிச்சமிருந்த வெளிச்சத்துல அஜய் அண்ணாந்து பாத்தான். உச்சியில, குறுக்குக் கட்ட மேல ஒரு காலும் கம்பத்துல ஒரு காலுமா, மணவாளன். ரெண்டு கையும் லைன் கம்பி மேல.

"இன்னாடா மச்சான், பேயி தொரத்துதா?"ன்னு மேலேந்து கொரலு.

 கண்ணாயிரம்தான் மொதல்ல கேட்டாரு. "சுச்சிய வுட்டுட்டா வந்த? யாரு இருக்கா அங்க?"

"பூட்டிட்டு வந்தேன் மேஸ்திரி. நீங்க... லைட்டு வெட்டி வெட்டி..."

"நான் எங்கடா வெட்டினேன்? வேல முடிஞ்சி எல்லாத்தையும் கழட்டியாச்சி, மத்த பசங்க ரோட்டுக்குப் போயாச்சி. 'பீங்கான்ல ஒரு கட்டு லூசா இருக்கு, ஒரு நிமிசம்'னு உங்க மாமாதான் மறுபடி ஏறினாரு. இந்த எழவு கண்ணு கூசுது அணைங்கன்னாரு. அணைக்கலாம்னு அழுத்தினா பாதியா எரியுது, இன்னொரு தபா அழுத்தினா பைத்தியம் புடிச்சாப்புல மின்னுது, அப்பறம்..."

சொல்லிக்கிட்டு வரப்பவே அவுரு கொரலு தேஞ்சி போச்சி. அவுருக்கே புரிஞ்சிடுச்சி. கையில இருந்த டார்ச்ச பாம்பப் புடிச்ச மாதிரி பாத்தாரு.

அஜய்யோட கையி பாக்கெட்டுக்குப் போச்சி. சாவி இருக்கு. பூட்டு? மாட்டினான். மாட்டினது நெனவு இருக்கு. அழுத்தினானா? 'டக்'குனு சத்தம் கேட்டுச்சா? எல்லாத்தையும் ரெண்டு தபா பாக்கறவன், இந்த ஒரு தடவ ஒரு தபாகூட பாக்கல. லுங்கிக்காரன் கையி அவன் கண்ணு முன்னாடி வந்துச்சி.

"மேஸ்திரி," கொரலு அவனுக்கே கேக்கல. "பூட்டினனான்னு தெரில."

கண்ணாயிரம் கீழ கழட்டிப் போட்டிருந்த எர்த்து கழிய நோக்கிப் பாஞ்சாரு. நீட்டுக் கழி, நுனியில கொக்கி, கொக்கியிலேந்து மண்ணுல அடிச்ச ஆணி வரைக்கும் ஒயரு. அத லைன்ல மாட்டிட்டா, எவனாச்சும் கரண்டு குடுத்தாலும் அது மண்ணுக்குப் போயிடும், மேல இருக்கறவன் பொழைப்பான். வேல முடிஞ்சிச்சின்னு அவரே கழட்டினது. ஆணியத் திரும்ப மண்ணுல எறக்க கல்லத் தேடினாரு, கல்லு கெடைக்கல, ஆணிய உள்ளங்கையாலயே அழுத்தினாரு. அஜய் ஆணி மேல ஏறி மிதிச்சான். கழி ஆடிச்சி, கொக்கி கம்பியில மாட்ட மாட்டேன்னு வழுக்கிச்சி.

"மணவாளா, கைய எடு. கம்பியத் தொடாத. அசையாத."

மேல இருந்தவரு கைய எடுத்து நெஞ்சுல வெச்சிக்கிட்டாரு. கொக்கி ஒவ்வொரு கம்பியா மாட்டி முடியற வரைக்கும் அப்பிடியே நின்னாரு. அப்பறம் எறங்கினாரு. எப்பவும் சறுக்கிக்கிட்டு எறங்கற மனுசன், அன்னிக்கு ஒவ்வொரு காலா வெச்சி வெச்சி எறங்கினாரு. மண்ணுல காலு பட்டதும் கம்பத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னாரு.

"அக்காகிட்ட சொல்லாத" அப்பிடின்னாரு. 

மூணு பேரும் நடந்தே சுச்சிக்குத் திரும்பினாங்க. டார்ச்ச மணவாளன் வாங்கி, காலடியில அடிச்சிக்கிட்டே முன்னால போனாரு. வழியில வரப்பு ஓரமா ஒரு கட்டுவிரியன் சுருண்டு கெடந்தது அந்த வெள்ள வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரிஞ்சிச்சி. சுத்தி வந்தாங்க. 

கூட்டம் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சி. கம்பத்தடியில, கைப்புடிக்கு முன்னால, கொடத்தக் கவுத்துப் போட்டு அது மேல லோகநாயகி ஒக்காந்திருந்தாங்க. லுங்கிக்காரன் தள்ளி நின்னு பீடி புடிச்சிக்கிட்டிருந்தான்.

பூட்டு வளையத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சி. வாயத் தொறந்துக்கிட்டு.

அஜய் அதப் பாத்தான். கண்ணாயிரமும் பாத்தாரு. மணவாளன் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு.

"பூட்டாமத்தான் ஓடினப்பா நீ" ன்னாங்க லோகநாயகி, எந்திரிக்காமயே. "இவன் தூக்கறேன் தூக்கறேன்னு குதிச்சான். நான்தான் ஒக்காந்துக்கிட்டேன். மேல ஆளு இல்லன்னா இந்தப் புள்ள சேத்துல வுழுந்து எழுந்து அப்பிடி ஓடுமாடான்னு கேட்டேன். இத்தினி நாளு தண்ணி இல்லாம இருந்தோம், இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா செத்தா பூடுவோம்னேன்."

லுங்கிக்காரன் பீடியக் கீழ போட்டு மிதிச்சான். "எனக்கு இன்னா தெரியும்..."னு முனகினான்.

எர்த்து கழிய எடுக்க கண்ணாயிரம் திரும்ப அந்த முனைக்கு அவரே நடந்து போனாரு. யாரையும் மேல ஏத்தல. கழிய எடுத்துக்கிட்டு திரும்ப இந்த முனைக்கும் நடந்தே வந்தாரு. வந்து, ரோட்டுல இருந்த பசங்களையும் கூப்ட்டு, கேங்கு ஆளுங்க எல்லாரையும் தன் முன்னால நிக்க வெச்சி, தலைய எண்ணி, "தூக்கு அஜய்" ன்னாரு.

அஜய் கைய வெச்சான். வெச்ச கையி தூக்கல. "என்னால முடியாது மேஸ்திரி" ன்னான். கண்ணாயிரம் அவன் தோள நவுத்திட்டு அவரே தூக்கினாரு.

ஊரு பக்கம் பட்டு பட்டுன்னு வெளக்கு எரிஞ்சிச்சி. ஜனங்க கத்திக்கிட்டே ஓடிச்சி. லோகநாயகி கொடத்த இடுப்புல ஏத்திக்கிட்டு மோட்டார் ரூமுக்கு நடந்தாங்க. கொஞ்ச நேரத்துல மோட்டார் சத்தம் கேட்டுச்சி. அஜய் மட்டும் வெளிச்சத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு, பூட்ட கையில வெச்சி அழுத்தி அழுத்திப் பாத்துக்கிட்டிருந்தான். அழுத்தினா டக்குனுதான் கேக்குது. அவ்ளோ பெரிய சத்தம். அது எப்பிடி அவனுக்குக் கேக்காம போச்சி?

மறுநா காலையில கொட்டாயில சண்ட. சார்ஜு ஏத்தின பேட்டரியோட வந்து நின்ன சபாபதிய மேஸ்திரி புடிச்சிக்கிட்டாரு.

"ஒரு அழுத்து, எரியும்னியே. மிச்ச அழுத்துல இன்னா ஆவும்னு ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலியே! எல்லா எல்இடியும் அப்பிடித்தான் மேஸ்திரி. முழுசு, பாதி, மின்னல், அப்பறம் ஆப். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இனிமே துப்பாக்கிதான். மூணு வெட்டு அதுலதான்."

மூலையில ஒக்காந்து இடுப்பு பெல்ட்ட தொடச்சிக்கிட்டிருந்த மணவாளன் தலையத் தூக்கினாரு. 

"துப்பாக்கியும் வேணாம், டார்ச்சும் வேணாம் மேஸ்திரி. மேல பீங்கான் பாக்க அத வெச்சிக்குங்க, கீழ பாம்பு பாக்க இத வெச்சிக்குங்க. என் உசுர லைட்டு கையில குடுக்கமாட்டேன். ஆளு நடந்து வந்து என் மச்சான் மூஞ்சியப் பாத்து சொல்லணும். இல்லன்னா இன்னிக்கே நான் கடலூர் பஸ்ஸு ஏறறேன்."

கண்ணாயிரம் "செரி" ன்னாரு. சேத்துல அழுத்தின உள்ளங்கையில ஆணி கிழிச்ச எடத்துக்குத் துணி சுத்தியிருந்தாரு.

மத்தியானம் போன் கெடச்சிச்சி. மகேஸ்வரி.

"எப்பிடிடா இருக்கீங்க? சாப்ட்டீங்களா? அவுரு கூடத்தான இருக்க?"

அஜய் மாமாவப் பாத்தான். மாமா தலைய ஆட்டினாரு, வேணாம்னு.

"கூடத்தான்க்கா இருக்கேன்."

"கொரலு ஏன்டா ஒரு மாதிரி இருக்கு?"

"பனிக்கா. தொண்ட கட்டிக்கிச்சி."

அக்கா இஞ்சித் தண்ணி குடிக்கச் சொன்னா. சொல்லிட்டு, அப்பாவுக்கு புது போட்டுக்கு அளவு எடுத்துட்டுப் போயிருக்காங்க, நீ வந்துடலாம்டா சீக்கிரம்னு சொன்னா. அவன் ஊம் ஊம்னு கேட்டுக்கிட்டே இன்னொரு கையால பாக்கெட்ல சாவியத் தொட்டுப் பாத்தான். எடுத்து, பூட்டுல போட்டு, திருப்பி, மறுபடி அழுத்தினான். டக். போன வெச்சதும் இன்னொரு தபா.

இப்பயும் அவன் சுச்சிக்குத்தான் நிக்கறான். கெழக்க இன்னும் நெறைய ஊரு இருட்டுல கெடக்கு. கேங்குல லைட்டுப் பேச்சு நின்னு போச்சி, ஆளுதான் நடந்து வராங்க. ஆனாலும் சாயங்காலமானா அந்தக் காட்டுல எங்கியாச்சும் ஒரு வெள்ள வெளிச்சம் மின்னும். வயலுக்குப் போறவங்க, எலி புடிக்கறவங்க, பசங்க வெளையாட்டுக்கு அடிக்கறது. ஒவ்வொரு மின்னலுக்கும் அவன் கையி பூட்டுக்குப் போவுது, நெஞ்சு கம்பத்து உச்சிக்குப் போவுது.

அதனால இதப் படிக்கறவங்க யாரா இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு. கம்பத்து மேல ஆளு நிக்கறதப் பாத்தீங்கன்னா, உங்க டார்ச்ச காலடியில மட்டும் அடிச்சிக்கிட்டுப் போங்க. லைன் பக்கம் தூக்கி ஆட்டாதீங்க.